மடித்த மூலைக்கு ஓர் அட்டை

என் அண்ணனை அவருடைய ஆபீசில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'வகையறா' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் காட்டினாலும் "இது என்ன வகை?" என்று கேட்பதால் வந்த பெயர். அண்ணிக்குக் கோபம் வந்தால் அவளும் அப்படியே சொல்வாள். "உங்க வகையறா அண்ணன் வந்தாச்சான்னு எட்டிப் பாரு." அண்ணனுக்கு அதில் வருத்தம் கிடையாது. கேள்வி கேட்கிறவனுக்குப் பட்டப்பெயர் வராமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்பார்.

கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுவது அவர் வேலை அல்ல. அது யாருக்கு வேண்டுமோ அவர்களிடம் முன்கூட்டியே போய் உட்கார்ந்து, என்னென்ன எழுதி வைக்கிறீர்கள், எதற்காக எழுதுகிறீர்கள் என்று கேட்டு வருவதுதான் வேலை. "வெட்டுறவன் வேற, தைக்கிறவன் வேற. நான் டேப் பிடிக்கிறவன்" என்று சொல்வார். "நான் ஒரு இஞ்ச் தப்பாச் சொன்னா சட்டை முழுக்கத் தப்பு."

அவரிடம் ஒரு முறை இருந்தது. எழுதி வைக்க வேண்டிய ஒவ்வொரு விஷயத்துக்கும் உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை. பெயர், முகவரி போல வார்த்தையாக எழுதுவது என்றால் வெள்ளை. எண் என்றால் நீலம். தேதி என்றால் ரோஜா நிறம். நாலைந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்றால் பச்சை. ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடியது என்றால் மஞ்சள். இந்த ஐந்துக்குள் அடங்காத விஷயம் உலகத்தில் இல்லை என்பது அவர் நம்பிக்கை. அட்டைகளை வாடிக்கையாளரின் மேஜையில் பரப்பிவிடுவார். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காதவர்கள்கூடச் சீட்டாட்டம் போல எடுத்து வைத்து, இது தேவையில்லை, இது முன்னால் வர வேண்டும் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த அட்டைகளை வெட்டி எழுதிக் கொடுத்தது நான். ஏழாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து மட்டும் நன்றாக வரும். அச்சடித்த தாளைப் பார்த்தால் ஜனங்கள் பயந்துபோய்த் தலையாட்டிவிடுவார்கள், கையால் எழுதியது என்றால்தான் தைரியமாகத் திருத்தச் சொல்வார்கள் என்பது அண்ணனுடைய எண்ணம். பேட்டரிக் கடைக்கு மேலே எங்களுக்கு இரண்டு அறை. சாப்பிடும் மேஜையைத் துடைத்துவிட்டு நானும் அண்ணன் மகள்கள் இருவரும் அட்டை வெட்டுவோம். வீணானவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன். பின்பக்கத்தில் வீட்டுச் சாமான் எழுதலாம்.

ஒருமுறை சலவைக்கடை வேலைக்குப் போனார். முதலாளியிடம் கறையைப் பற்றிக் கேட்டாராம், இது என்ன வகை என்று. "கறைல என்ன சார் வகை? போற கறை, போகாத கறை." அண்ணன் பச்சை அட்டையில் இரண்டையும் எழுதிக்கொண்டு எழுந்திருக்கப் போகும்போது, தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற அம்மாள் ஈரக் கையோடு வந்தாளாம். "மூணாவது ஒண்ணு இருக்கு சார். துணி வாங்கறப்பவே இருந்த கறை. அத எழுதலேன்னா சண்டை என் தலையிலதான் விடியும்." அன்று வீட்டுக்கு வந்து அதையே பத்து தடவை சொன்னார். முதலாளியிடம் பாதிதான் கிடைக்கும், பேனா பிடிக்கிற கையைத் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும் என்பது அவர் வைத்திருந்த விதி.

நான் சொல்ல வந்தது அப்படித் தனியாகப் பேசி வாங்கிய ஒரு மஞ்சள் அட்டையைப் பற்றி. அது மேஜையிலேயே இருந்திருந்தால் ஒருவருடைய வேலை போயிருக்காது. வேலை போகாமல் காப்பாற்ற அண்ணன் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வர வேண்டியிருந்தது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறைக்கு அந்த வேலை. கட்டடத்தின் பின்னால், சலவைத் துணி காயும் இடத்தையும் ஜெனரேட்டரையும் தாண்டிப் போனால் தகரம் அடித்த கதவு. உள்ளே மேஜை, நாற்காலி, தடியான பதிவேடு. அதை எழுதுகிறவருக்கு ஐம்பத்தாறு வயது; ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. குளிர் அறைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகி, வெயில் கொளுத்தும் நாளிலும் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு 'ஸ்வெட்டர்' என்றே பெயர். எங்கள் வீட்டிலும் அதுவே நிலைத்தது.

முதல் நாள் அண்ணன் பதிவேட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். கொண்டுவந்த தேதி, ரோஜா. உத்தேச வயது, நீலம். ஆணா பெண்ணா, பச்சை. கண்டெடுத்த இடம், உடம்பில் அடையாளம், உடுத்தியிருந்தது, எல்லாம் வெள்ளை. கோடு போட்டு எழுதியதைப் போல அத்தனை ஒழுங்கு. ஒன்று மட்டும் விளங்கவில்லை. அங்கங்கே சில பக்கங்களின் மேல் மூலை மடிந்திருந்தது.

"இது என்னண்ணே?"

பக்கத்தில் ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி, மூக்கில் கைக்குட்டையோடு நின்றிருந்தார். ஸ்வெட்டர்க்காரர் பக்கத்தைத் தடவிக்கொண்டே, "சும்மா, ஒரு அடையாளத்துக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அண்ணன் என்னிடம் சொன்னார். "அந்த மனுஷன் பொய் சொல்றார். சொல்லிப் பழக்கமில்லாத ஆளு, காது சிவந்துபோச்சு."

அடுத்த முறை அவரை வெளியே டீக்கடைக்கு அழைத்துப் போய்விட்டார். அங்கே பேசியதை அண்ணன் நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைத்திருந்தார். நான் அட்டை எழுதும்போது படித்தேன்.

"யாருன்னு தெரியாத உடம்புக்குப் பத்து நாள் கெடு தம்பி. தாண்டினா முனிசிபாலிட்டி வண்டில ஏத்திடணும். செவ்வாயும் வெள்ளியும் வண்டி வரும். எழுதி வச்ச விதி. ஆனா சொந்தக்காரங்க விதியப் படிச்சிட்டா வர்றாங்க? ஒன்பதாம் நாள் சாயங்காலம் போன் வரும். கிளம்பிட்டோம், எடுத்துடாதீங்க அய்யான்னு. எங்கிருந்தோ ரெண்டு பஸ் மாறி வரணும். அவங்க வந்து முகத்தைப் பார்க்கற வரைக்கும் மூலையை மடிச்சு வைப்பேன். மடிச்ச பக்கத்த வண்டிக்காரன் தொடமாட்டான். என் லீவுக்கு வர்ற ஆளும் தொடமாட்டான். இருபத்திரண்டு வருஷமா யாரும் வாயத் திறந்து பேசினதில்ல, ஆனா எல்லாருக்கும் தெரியும்."

"அதிகாரிக்கு?"

"அவரு ரிஜிஸ்டரத் தொட்டாத்தானே? வாடை ஒட்டிக்கும்னு எட்ட நிப்பாரு. தெரிஞ்சா என்னைத்தான் மடிச்சு வைப்பாரு. ஆனா ஒண்ணு தம்பி, கம்ப்யூட்டர்ல மூலை இருக்காதே. அதுக்கு ஏதாச்சும் ஒரு வழி பண்ணிக் குடுங்க."

"பண்றேன்ணே" என்று அண்ணன் சொன்னார். அதுவும் நோட்டில் இருந்தது.

நான் மஞ்சள் அட்டை எடுத்தேன். 'ஆள் வருகிறார்: ஆம் / இல்லை' என்று எழுதினேன். அண்ணன் கீழே சின்னதாக, 'ஆம் என்றால் வண்டிப் பட்டியலில் சேர்க்கக் கூடாது' என்று சேர்க்கச் சொன்னார். அவ்வளவு எளிய விஷயம் அது.

அட்டைகளைப் பரப்பிப் பேசிக் கையெழுத்து வாங்கும் நாளில், மஞ்சள் அட்டைகளை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆட்கள் இருக்கும் அறைக்குள் போவது எனக்கு ஒத்துவராத காரியம். அட்டைகளை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, அவர் இரு என்று கண்ணால் காட்டியதால் கதவோரம் நின்றேன்.

நீளமான மேஜை. ஒரு பக்கம் நிர்வாக அதிகாரி, எதிரே அண்ணன், மேஜையின் கடைக்கோடியில் நாற்காலியின் நுனியில் ஸ்வெட்டர்க்காரர். அன்று காலை அண்ணனுடைய முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்: மூன்று முறை தள்ளிப்போய்விட்டது, இன்று கையெழுத்து இல்லாமல் ஆபீசுக்கு வர வேண்டாம். அதிகாரி அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவர், மஞ்சளில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"'ஆள் வருகிறார், ஆம், இல்லை.' இது என்ன? விதில இப்படி ஒண்ணு கிடையாதே. யாரு சொன்னது?"

ஸ்வெட்டர்க்காரர் ஸ்வெட்டரின் கைநுனியை உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டார். அண்ணன் அவரைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லல சார். வேற ஒரு இடத்து அட்டை. கலந்து வந்துடுச்சு."

"எந்த இடம்?"

"ஒரு லாட்ஜு சார்."

அதிகாரி சிரித்தார். "லாட்ஜுக்கும் மார்ச்சுவரிக்கும் பெரிய வித்தியாசம் இல்லப்பா. இங்க ரூம் காலி பண்றதுக்குப் பத்து நாள் டைம், அவ்ளோதான்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். ஸ்வெட்டர்க்காரரும் உதட்டை மட்டும் விரித்தார். அண்ணன் அந்த அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அட்டைகளின்படி எழுதிய பதினோரு தாளிலும் அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

வெளியே ஜெனரேட்டர் பக்கத்தில் ஸ்வெட்டர்க்காரர் எங்களுக்காகக் காத்திருந்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க பேரைச் சொல்லியிருந்தா அங்கயே உங்களைப் பிடிச்சிருப்பாருண்ணே. 'குறிப்பு'ன்னு ஒரு வெள்ளைக் கட்டம் வச்சிருக்கேன். அதுல எழுதிடுங்க."

"வண்டிக்காரன் அதப் படிப்பானா தம்பி?"

"நீங்க இருக்கீங்கள்ல, பார்த்துக்க மாட்டீங்களா?"

அவர் சரி என்றார். வெள்ளைக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் படிக்காது, வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் என்று மகள்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அண்ணன்தான். ரோஜா கணக்குப் பார்க்கும், மஞ்சள் வழிமறிக்கும், வெள்ளை சும்மா கிடக்கும் என்று அவர்கள் பாட்டாகப் பாடுவார்கள். பஸ் நிறுத்தம் வரை நடந்தபோது அது எனக்கு நினைவுக்கு வந்தது. சொல்லலாமா என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். படித்தவரிடம் நாம் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன். வீட்டில் அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது அட்டையை எடுத்து டின்னில் வைத்தேன். பின்பக்கத்தில் மட்டும் எதையும் எழுதவில்லை.

கம்ப்யூட்டர் வந்த பிறகு எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. செவ்வாயும் வெள்ளியும் காலையில், பத்து நாள் தாண்டியவர்களின் பட்டியலைக் கம்ப்யூட்டர் தானாக அச்சடிக்கும். ஸ்வெட்டர்க்காரர் குறிப்பைத் திறந்து படித்து, ஆள் வருகிற எண்ணைப் பேனாவால் அடித்துவிட்டு வண்டிக்காரரிடம் கொடுப்பார்.

அப்போது ஒரு பெயின்டரின் உடம்பு வந்தது. எங்கோ ஒரு கட்டடத்துக்கு வெளியே சாரத்தில் நின்று சுண்ணாம்பு சுரண்டிக்கொண்டிருந்தவன் விழுந்துவிட்டான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்தான். யாருக்கும் ஊர் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் மதியம் அவன் மனைவி போன் செய்தாள். கூட வேலை செய்த ஒருவன் மூலம் எப்படியோ சேதி போயிருக்கிறது. "கிளம்பிட்டேன் அய்யா, ரெண்டு நாள்ல வந்துடறேன், வச்சிருங்க." ஸ்வெட்டர்க்காரர் குறிப்பில், 'மனைவி புறப்பட்டுவிட்டார். நிறுத்தி வைக்கவும்' என்று டைப் அடித்தார். மறுநாள் அவருக்கு வார விடுப்பு. அதற்கு அடுத்த நாள் வண்டி வரும் நாள். விடுப்பில் காய்ச்சல் கண்டு அவர் அன்றும் வரவில்லை.

அவர் இடத்தில் உட்கார்ந்தவர் புதியவர். மூலை மடிக்கும் காலத்தைப் பார்த்தவரில்லை. பட்டியல் வந்தது. அப்படியே வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டார்.

வண்டி போய் இரண்டரை மணி நேரம் கழித்து அந்தப் பெண் வந்தாள். கையில் துணிப்பை. அதில் இஸ்திரி போட்ட ஒரு சட்டையும் பேண்டும் இருந்தன, கடைசியாக உடுத்திவிட. பொது மயானத்தில் அதற்குள் வரிசையாக மண் தள்ளியாகிவிட்டது. எந்த மேடு என்று எண்ணைப் பார்த்துச் சொல்லலாம். திறக்க உத்தரவு வேண்டும். அவள் சத்தம் போடவில்லையாம். தகரக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, "வச்சிருக்கேன்னு சொன்னாரே" என்று மட்டும் போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். காய்ச்சலோடு ஸ்வெட்டர்க்காரர் வந்து அவள் எதிரே நின்றபோதும் அதையே சொன்னாள்.

நான்கே நாளில் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை வைத்தார்கள். அதிகாரி சொன்னது இதுதான்: "கட்டம் வேணும்னு கேட்டிருந்தா போட்டுத் தந்திருப்போம். கிளார்க் கேட்கவேயில்ல." ஸ்வெட்டர்க்காரர் சொன்னார்: "சாஃப்ட்வேர் தம்பிகிட்ட சொன்னேன்." ஆகவே அண்ணனுக்கு அழைப்பு வந்தது. ஸ்வெட்டர்க்காரர் சொன்னாரா, இல்லையா. அதை மட்டும் கேட்பார்கள். சொன்னார் என்றால் கிளார்க்கின் வேலை தப்பிக்கும்.

அண்ணனுடைய முதலாளி வீட்டுக்கே வந்தார். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த டீயைக் குடிக்காமல் பேசினார். "பதினோரு தாள்லயும் அவங்க கையெழுத்து இருக்கு. நீ வாயத் தொறக்காத வரைக்கும் நாம சுத்தம். தொறந்தா, நாளைக்கு எந்த ஆஸ்பத்திரி நம்மகிட்ட வரும்? அப்புறம் நீ வேற இடம் பாத்துக்க."

அவர் படியிறங்கியதும் அண்ணி பேசினாள். கெட்டவள் இல்லை அவள். மூத்தவள் பத்தாவது, இளையவள் எட்டாவது. இந்த வீட்டில் என்னையும் ஒரு வார்த்தை சொல்லாமல் பன்னிரண்டு வருஷம் வைத்துக்கொண்டவள்.

"ஏங்க, ஒருத்தர் வேலைக்காக ரெண்டு பொண்ணுங்க படிப்பப் பாழாக்கணுமா? அவருக்கு ஓய்வு வயசு. உங்களுக்கு?"

"சொன்னது சொன்னதுதானே."

"டீக்கடைல சொன்னதெல்லாம் சொன்னதா? அதுக்கு சாட்சி யாரு?"

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "அந்த டின்ன எடுத்து அடுப்புல கொட்டு. வீட்ல காகிதக் குப்பை ஜாஸ்தியாப் போச்சு."

நான் டின்னைக் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் எரித்தேன். அந்த ஒன்றை மட்டும் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.

விசாரணை நாள் காலையில் அண்ணன் செருப்பு மாட்டும்போது அட்டையை நீட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மதியம் மூன்று மணிக்கு வந்தார். கை கழுவினார். அட்டையை எடுத்து மேஜை மேல் வைத்தார். மஞ்சள் ஓரம் வியர்வையில் ஊறியிருந்தது.

"என்ன கேட்டாங்க?" என்றாள் அண்ணி.

"உங்ககிட்ட சொன்னாரா இல்லையான்னு."

"நீங்க?"

"ஞாபகம் இல்லன்னேன்."

அண்ணி மூச்சை விட்டாள். மூத்த மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "ஏம்ப்பா, ஆமா இல்லன்னுதானே கேட்டாங்க? மஞ்சள்ல மூணாவது பதில் கிடையாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?" அண்ணி அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். அண்ணன் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஸ்வெட்டர்க்காரரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷ வேலை ஒரே தாளில் முடிந்துபோனது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என்னிடம் வந்து, "கூட வர்றியா?" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஒரு சந்துக்குள், தண்ணீர்க் குழாய்க்கு எதிரே இருந்தது ஸ்வெட்டர்க்காரர் வீடு. ஸ்வெட்டர் இல்லாமல், மெல்லிய சட்டையோடு கதவைத் திறந்தபோது எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. பாதி ஆளாகத் தெரிந்தார். உள்ளே உட்காரச் சொன்னார். அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் பின்பக்கம் போய்விட்டார். நாங்கள் கிளம்பும் வரை வரவில்லை.

அண்ணன் என்னவோ சொல்ல ஆரம்பித்தார். ஸ்வெட்டர்க்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"விடுங்க தம்பி. லாட்ஜுன்னு சொன்னது எனக்காக. ஞாபகம் இல்லன்னது உங்களுக்காக. ஆளுக்கு ஒரு பொய்."

அண்ணன் தலை குனிந்துகொண்டார்.

"அந்தப் பொண்ண மயானத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்" என்றார் அவர். "நம்பரப் பார்த்து மேட்டைக் காட்டினேன். சட்டைய மண்ணு மேல விரிச்சுப் போட்டுட்டுப் போச்சு." பிறகு கேட்டார். "அந்தக் கட்டம் இப்பவாச்சும் போட்டீங்களா?"

"இல்லண்ணே."

"ஏன்?"

"யாரும் கேக்கல."

அவர் அண்ணனையே பார்த்தார். "அப்ப அடுத்தவன் எவனாவது இப்படித்தான் போவான். நான்தான் அங்க இல்லையே, பேனாவால அடிக்க."

வீட்டுக்குத் திரும்பி வந்ததும் அண்ணன் அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் வைத்து, என்னைக் கூப்பிட்டார். வேலை முடிந்த பிறகு ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் எழுதும் படிவம் அது. அவரே பல வருஷத்துக்கு முன் ஆபீசுக்காகத் தயார் செய்தது. அதில் ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்பது அவர் போட்ட விதிதான்.

"எழுது" என்றார். நான் பேனாவை எடுத்தேன்.

"சேர்க்க வேண்டியது: ஆள் வருகிறார். வகை: ஆம், இல்லை. கட்டாயமா: கட்டாயம். காரணம்: ஆம் என்று இருப்பவரை வண்டிப் பட்டியலில் சேர்க்கக் கூடாது."

எழுதினேன்.

"கேட்டவர்: பிணவறை கிளார்க்."

அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றது தெரிந்தது. நான் எழுதினேன்.

"கேட்ட தேதி."

அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். டீக்கடைப் பக்கத்தை எடுத்து, மேலே இருந்த தேதியைப் படித்தார். பெயின்டர் விழுவதற்கு எட்டு மாதத்துக்கும் முந்தைய தேதி. என் கை நின்றுவிட்டது. இத்தனை வருஷம் அவர் சொன்னதை எழுதியிருக்கிறேன். அன்றுதான் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன். அண்ணியையும் பார்த்தேன்.

"இன்னிக்குத் தேதி போட்டா என்னங்க?" என்றாள் அண்ணி. சத்தமாகச் சொல்லவில்லை. "கட்டம்தானே வேணும் உங்களுக்கு? அது வந்துடுமே."

"கேட்ட தேதின்னு போட்டிருக்கு" என்றார் அண்ணன். "அன்னிக்குத்தான் கேட்டார்."

அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் ஏதோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. நான் தேதியை எழுதினேன். நாள், மாதம், வருஷம். எண்களைத் தெளிவாக எழுதினேன், ஒன்றை ஏழு என்று யாரும் படித்துவிடாதபடி. அண்ணன் கையெழுத்துப் போட்டு, அந்த மஞ்சள் அட்டையையும் நோட்டின் அந்தப் பக்கத்தையும் குண்டூசியால் சேர்த்துக் குத்தினார்.

மறுநாள் அதை முதலாளியிடம் காட்டாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார். அதிகாரி வழக்கம்போல வேகமாகக் கையெழுத்துப் போட வந்தவர், கடைசிக் கட்டத்தில் பேனாவை நிறுத்தினாராம்.

"தேதி தப்பா இருக்கே. மாத்திடு."

"தேதி சரிதான் சார்."

"இதப் போட்டா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார்."

அதிகாரி கையெழுத்துப் போடவில்லை. தாளை மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். ஆனால் வருகிற தாளுக்கு முத்திரை குத்தி எண் போடும் பெண்ணிடம் அண்ணன் முன்பே ஒரு நகலுக்கு முத்திரை வாங்கியிருந்தார். அதை ஸ்வெட்டர்க்காரர் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தார். கதவைத் தட்டவில்லை.

அந்த வாரமே அண்ணனுக்கு வேலை போயிற்று. இப்போது அட்டைப் பெட்டி செய்யும் ஒரு பட்டறையில் அளவு குறித்துக் கொடுக்கிறார். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் இல்லை. மூத்தவள் பத்தாவது முடித்ததும் நின்றுவிட்டாள். அண்ணி அதைப் பற்றி இதுவரை ஒரு பேச்சும் பேசவில்லை. பேசினால் தேவலை என்று எனக்குத் தோன்றும்.

ஸ்வெட்டர்க்காரர் அந்த நகலை வைத்து மேல்முறையீடு செய்திருக்கிறார். ஒன்றரை வருஷம் ஆகிறது. இரண்டு தடவை தள்ளி வைத்தார்கள். ஓய்வு வயது தாண்டிப் போய்விட்டது. இனி வேலை திரும்பி வராது, பெயர் மட்டும் திரும்பலாம். போன மாதம் அண்ணனைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அங்கே ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார்: கிளார்க் உங்களிடம் சொன்னாரா, இல்லையா?

நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது. அண்ணன் குரல் நன்றாகக் கேட்டது.

"ஆமா" என்றார்.

பக்கத்தில், அதே பெஞ்சின் மறுகோடியில், வெயிலிலும் சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. கையில் இருந்த அழைப்புத் தாளின் மேல் மூலையை மடித்து, நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தார்.